பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய 64-பிட் கணினியில் ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ் போதுமா, எமுலேட்டர் வேண்டுமா?

எமுலேட்டர்தான் வேண்டும், அதாவது பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள். விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்காக 1990களில் எழுதப்பட்ட ஒரு கணக்குப் புரோகிராமும் சில விளையாட்டுகளும் இருப்பதாகவும், விண்டோஸ் 11 அவற்றைத் திறக்கவே மறுப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அது பிடிபட்டால், எந்த செட்டிங்கை எப்போது தொட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

386 காலத்திலிருந்து இன்டெல் பிராசசர்களில் விர்ச்சுவல் 8086 என்றொரு வசதி இருந்தது. 32-பிட் விண்டோஸ் அதை வைத்துத்தான் டாஸ் புரோகிராம்களை ஓட்டியது. பிராசசர் 64-பிட் முறைக்குப் போய்விட்டால் அந்த வசதி அங்கே கிடையாது. 32-பிட் பதிப்போடு வந்த கடைசி விண்டோஸ் 10. விண்டோஸ் 11-இல் அப்படி ஒரு பதிப்பே இல்லை. ஆகவே கம்பாட்டிபிலிட்டி பெட்டியில் எதை டிக் செய்து பார்த்தாலும் பலன் இருக்காது.

சரி, கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸில் டாஸை நிறுவினால் என்ன? நிறுவலாம், பல புரோகிராம்கள் ஓடவும் செய்யும். ஆனால் அது உங்கள் பிராசசரையே நேராகக் கொடுத்துவிடுகிறது, முழு வேகத்தோடு. பழைய புரோகிராம்கள் பலவற்றுக்கு அந்த வேகமே எமன்.

நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது டர்போ பாஸ்கல் 7 என்ற அந்தக் கால புரோகிராமிங் கருவியில் எழுதிய புரோகிராம்களை. வேகமான கணினியில் அவற்றைத் தொடங்கினால் முதல் திரை வருவதற்குள் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றுவிடும். பூஜ்யத்தால் வகுத்ததாக அதற்குப் பொருள். ஆனால் புரோகிராமில் அப்படி எந்த வகுத்தலும் இருக்காது. நடப்பது இதுதான்: டர்போ பாஸ்கலோடு வரும், திரையைக் கையாளும் சிஆர்டி யூனிட் என்ற துணை நிரல், தொடங்கியதும் கணினியின் வேகத்தை அளக்கிறது. கடிகாரத்தின் ஒரு துடிப்பு சுமார் 55 மில்லிசெகண்ட். அதற்குள் ஒரு லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து, விடையை 16 பிட்டுக்குள் வைக்கப் பார்க்கிறது. சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிராசசர்களில் அந்த விடை 65,535-ஐ மீறிவிடுகிறது. வகுத்தல் தோற்கிறது, பிராசசர் அதையும் பூஜ்யத்தால் வகுத்த பிழையாகவே அறிவிக்கிறது, புரோகிராம் விழுகிறது. எழுதியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இவ்வளவு வேகமான இயந்திரம் வரும் என்று அந்த யூனிட் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எமுலேட்டர் இங்கேதான் கைகொடுக்கிறது. 2002-இல் வந்த டாஸ்பாக்ஸ், பிராசசரையும் கடிகாரத்தையும் சவுண்ட் கார்டையும் மென்பொருளாகவே செய்து காட்டுகிறது. அதனால் வேகம் உங்கள் கையில். ஒரு மில்லிசெகண்டுக்கு எத்தனை கட்டளைகள் என்பதை 'சைக்கிள்ஸ்' என்கிற எண் தீர்மானிக்கும். சாதாரண டாஸ் புரோகிராமுக்கு அது 3000-இல் தொடங்கும். கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். விளையாட்டில் பாத்திரங்கள் தலைதெறிக்க ஓடினால் குறையுங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் கூட்டிப் பாருங்கள், கணினியே திணறினால் மட்டும் இறக்குங்கள். எடுத்த எடுப்பில் 'மேக்ஸ்' என்று வைத்துவிட வேண்டாம், அந்த 200-ஆம் எண் பிழை இங்கேயும் வந்து நிற்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளைப் பதிப்பு.

படம் சப்பையாகத் தெரிந்தால் அதற்கும் காரணம் உண்டு. 320-க்கு 200 என்ற அளவுப் படத்தை அன்றைய மானிட்டர் 4-க்கு 3 என்ற வடிவத்துக்கு இழுத்துக் காட்டியது. அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். வரைந்தவர்கள் அதை மனதில் வைத்தே வரைந்தார்கள். 'ஆஸ்பெக்ட்' செட்டிங்கை இயக்கினால் முட்டையாகக் கிடந்த சக்கரம் வட்டமாகிவிடும். தயவுசெய்து இதை இயக்கிவிட்டு விளையாடுங்கள், அந்த ஓவியர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அது. ஒலி வரவில்லையென்றால், விளையாட்டின் செட்டப்பில் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்து முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள்.

கணக்குப் புரோகிராமுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மூல டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது, பிரிண்ட் எடுப்பதெல்லாம் அதன் கவலையே இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பாருங்கள். புரோகிராம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு அனுப்பும். இது அதை வாங்கிப் படமாகவோ உங்கள் விண்டோஸ் பிரிண்டருக்கோ கொடுத்துவிடும். டாஸும், கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலான பயாஸும் உள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் தேட வேண்டாம். 86பாக்ஸ் போல ஒரு முழு இயந்திரத்தையே அச்சு அசலாக நடிக்கும் எமுலேட்டர்கள் அருமையானவைதான், ஆனால் அவற்றுக்கு அந்தந்த மதர்போர்டின் பயாஸ் ரோம் (பயாஸின் பிரதி ஃபைல்) வேண்டும். விண்டோஸ் 95, 98 அளவுக்குப் போகும்போது அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஃபிளாப்பிகளை இமேஜாக, அதாவது வட்டு முழுவதையும் ஒரே ஃபைலாக, எடுத்து வையுங்கள். காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் மோசமாகிக்கொண்டே போகும். 3.5 அங்குல வட்டுகளுக்கு யுஎஸ்பி டிரைவ் போதும். 5.25 அங்குலம் என்றாலோ, காப்பிப் பாதுகாப்பு உள்ள வட்டு என்றாலோ, பழைய டிரைவ் ஒன்றும் கிரீஸ்வீசில் என்ற சின்ன போர்டும் வேண்டும். அது ஃபைல்களை மட்டுமல்லாமல் வட்டின் காந்த மாற்றங்களையே பதிவு செய்யும், பாதுகாப்புக் குறியும் அதோடு வந்துவிடும்.

அப்புறம், அந்த இமேஜைத் தொடாமல் வைத்துவிட்டு, அதிலுள்ள ஃபைல்களின் பிரதியைத் தனி ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரை மட்டும் 'மவுண்ட்' செய்யுங்கள், அதாவது எமுலேட்டருக்கு ஒரு டிரைவாகக் காட்டுங்கள். சி டிரைவ் முழுவதையும் கொடுக்காதீர்கள். உள்ளே தரும் அழிப்புக் கட்டளை வெளியே இருக்கும் உண்மையான ஃபைலை அழித்துவிடும். கணக்கு விவரங்கள் டிபிஎஃப் என்ற பழைய டேட்டாபேஸ் ஃபைல்களில் இருந்தால் லிப்ரேஆபிஸ் கால்க் அவற்றை நேரடியாகவே திறக்கும். ஏதாவது ஒரு வருடத்தின் மொத்தத்தைப் புரோகிராமிலும் அங்கேயும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துப்போனால் புது வடிவத்திலும் ஒரு பிரதி சேமித்து வையுங்கள்.