‘நன்றாக இருந்தது’ என்று சொன்னால் அபராதம்: இளையோர் நாவல்கள் பற்றிச் சில கேள்விகள்

நான் சென்னையில் ஒரு பள்ளியின் நூலகர். சனிக்கிழமை மாலைகளில் 13 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்கள் இருபது பேர், மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் நூலகத்தில் கூடுகிறார்கள். படிப்பது பெரும்பாலும் ஆங்கில நாவல்கள். சண்டை போடுவது தமிழில். இந்தச் சண்டைகளைக் கேள்விப்பட்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதை முடிச்சுகளை முடிந்தவரை அவிழ்க்கவில்லை. கடைசிக் கேள்வி மட்டும் முடிவைப் பற்றியது. ‘லாங் வே டவுன்’ படிக்க நினைப்பவர்கள் அதைத் தாண்டிவிடலாம்.

கேள்வி: மேடம், என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ‘யங் அடல்ட்’ என்று சொல்லித் தலையணை அளவுப் புத்தகங்களாகக் கொண்டுவருகிறாள். பெயரிலேயே ‘அடல்ட்’ இருக்கிறதே, படிக்க விடலாமா? (ஒரு தாய், கோயம்புத்தூர்)

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்படும் நாவல்களுக்குப் பதிப்பகங்கள் ஒட்டிய பெயர் அது. கதையின் நாயகனோ நாயகியோ பெரும்பாலும் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுக்காரர். பெரும்பாலும் தன் கதையைத் தானே சொல்வார். இந்த வகைக்கு வழி திறந்ததாகச் சொல்லப்படும் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வந்தது. எழுதிய எஸ். இ. ஹின்டனுக்கு அப்போது வயது 18. எழுதத் தொடங்கியது 15இல். எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று பதிப்பகம் நினைத்ததால்தான் பெயர் அப்படி முதலெழுத்துகளாகச் சுருங்கியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சினிமாவுக்கு இருப்பதுபோல் புத்தகத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது. ‘ஃபோர்த் விங்’ என்ற டிராகன் கதையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பள்ளிப் பையில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது இளையோர் நாவல் அல்ல, பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. அட்டையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பல பதிப்பகங்கள் பின் அட்டையிலோ உள்பக்கத்திலோ வயதைச் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன, அதைத் தேடுங்கள். அதைவிட நல்ல வழி, மகள் படித்து முடித்ததும் நீங்களும் அதைப் படிப்பது. தலையணை அளவு என்றீர்களே, எழுத்து பெரியது, சீக்கிரம் முடியும்.

கேள்வி: அக்கா, ‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’ படித்தேன். யார் பிழைப்பார் என்று முன்பே தெரியும். தெரிந்த முடிவை நோக்கி எதற்காக இத்தனை பக்கங்கள்? (பிளஸ் ஒன் மாணவன், மதுரை)

எங்கள் குழுவில் இதற்காகவே இரண்டு சனிக்கிழமைகள் போயின. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: சூசன் காலின்ஸ் 2008இல் தொடங்கிய ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் 2025 மார்ச்சில் வந்த புத்தகம் இது. ஒரு கொடுங்கோல் அரசு ஆண்டுதோறும் சிறுவர் சிறுமியரைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறது. ஐம்பதாவது ஆண்டில் வழக்கமான 24 பேருக்குப் பதில் 48 பேர். அவர்களில் ஒருவன் ஹேமிட்ச். முதல் நாவலில் குடிகாரராக வரும் அதே ஹேமிட்ச்தான். ஆகவே அவன் சாக மாட்டான் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

நான் உன் பக்கம் இல்லை, தம்பி. தெருக்கூத்தில் அபிமன்யு சண்டை பார்க்க உட்காருகிறவர்களில் அவன் சாகப்போகிறான் என்று தெரியாதவர் யார்? தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நாவலில் முடிவைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. இதே போட்டியின் ஒளிப்பதிவை வரிசையின் இரண்டாம் நாவலில் நாயகி காட்னிஸும் அவளோடு களத்தில் இறங்கிய பீட்டாவும் போட்டுப் பார்க்கிறார்கள். அவர்களோடு நாமும் பார்த்துவிட்டோம். இப்போது வந்திருக்கும் புத்தகம், அந்த ஒளிப்பதிவில் எதையெல்லாம் வெட்டினார்கள் என்று காட்டுகிறது. பல ஆண்டுகளாக உண்மை என்று நம்பியிருந்தது அரசு வெட்டி ஒட்டிய படம் என்று தெரிகிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் பலர் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டாம் நாவலை எடுத்து அந்தப் பக்கங்களைத் தேடினார்கள். சிலர் ஆட்சி செய்ய, ஏராளமானோர் எப்படி இவ்வளவு எளிதாகப் பணிந்துபோகிறார்கள் என்ற தத்துவவாதி டேவிட் ஹ்யூமின் கேள்வியிலிருந்து பிறந்த நாவல் இது என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். “பழைய ஆட்கள் எல்லாரும் வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள், கல்யாண வீட்டில் மொய் எழுத வருகிற மாதிரி” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண். எஃபி, பீட்டி, மேக்ஸ், புளூடார்க் என்று எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எட்கர் ஆலன் போவின் ‘தி ராவன்’ கவிதை கதை நெடுக வருவதும் சிலருக்குச் சலிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் நான் சிறுபான்மை.

கேள்வி: என் வகுப்பில் வாரம் ஒரு நாள் புத்தக விவாதம் நடத்துகிறேன். “நன்றாக இருந்தது”, “நல்ல கருத்து” என்பதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்? (ஆசிரியர், திருநெல்வேலி)

அந்த இரண்டையும் தடை செய்யுங்கள். எங்கள் குழுவில் ‘நன்றாக இருந்தது’ என்று சொன்னால் அபராதம். அடுத்த வாரத்துக்குக் கடலை மிட்டாய் வாங்கி வர வேண்டும். முதல் மாதம் மிட்டாய்க்குப் பஞ்சமே இல்லை.

‘இந்தக் கதையிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?’ என்று கேட்டால் பிள்ளைகள் உடனே தேர்வு அறைக்குப் போய்விடுகிறார்கள். நமக்கு என்ன பதில் வேண்டும் என்று மோப்பம் பிடித்து அதையே திருப்பித் தருகிறார்கள். நான் கேட்பது வேறு மாதிரி. எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தாய்? யார் மீது கோபம் வந்தது? இந்தக் கதையில் யாருக்குக் கடன் கொடுப்பாய், யாருக்குக் கொடுக்கமாட்டாய்? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் பாத்திரப் படைப்பு பற்றி நான் கேட்ட மிக நல்ல விவாதங்கள் அதிலிருந்து வந்தவை. இன்னொன்று: பாதியில் விட்டுவிட்ட புத்தகத்தைப் பற்றியும் பேச அனுமதியுங்கள். எங்கே விட்டான் என்பதும் ஒரு விமர்சனம்தான்.

கேள்வி: என் மகன் ‘தி ஹேட் யு கிவ்’ படிக்கிறான். அமெரிக்காவில் பல இடங்களில் எதிர்ப்பு கிளம்பிய புத்தகமாமே. நம் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (ஒரு தந்தை, ஈரோடு)

எதிர்ப்பு உண்மைதான். நூலகங்களிலிருந்து நீக்கக் கோரி அதிகப் புகார்கள் வந்த புத்தகங்களை அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் பட்டியலிடுகிறது; 2017இல் வந்த இந்த நாவல் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெற்றிருக்கிறது. ஸ்டார் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண் கண்ணெதிரே அவளுடைய சிறுவயது நண்பன் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஆயுதம் இல்லாதவன். பார்த்த ஒரே சாட்சி அவள். பேசுவதா வேண்டாமா என்பதுதான் கதை. ஆசிரியர் ஆஞ்சி தாமஸ்.

நம் பிள்ளைகளுக்கு என்ன தொடர்பு என்று நானும் முதலில் யோசித்தேன். துப்பாக்கிச் சூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று குறிப்புகள் எடுத்துவைத்திருந்தேன். அவர்கள் பிடித்துக்கொண்டது வேறு. ஸ்டார் வசிப்பது ஏழைக் கறுப்பினத்தவர் பகுதி. படிப்பது வெள்ளையர் நிறைந்த வசதியான பள்ளி. பள்ளியில் ஒரு ஸ்டார், வீட்டில் ஒரு ஸ்டார். பள்ளிக்குள் நுழைந்ததும் பேச்சு மாறுகிறது, கோபம்கூட அளவாகத்தான் வருகிறது. இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எப்போதும் கடைசி நாற்காலியில் உட்காரும் ஒரு பெண், “பள்ளியில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வேன், தெருவின் பெயரைச் சொல்லமாட்டேன்” என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் தெருவின் பெயர் என்னவெல்லாம் சொல்லிவிடும் என்பது பதினைந்து வயதில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் குறிப்புகளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன, ஐயா. அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் அவற்றை அந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறான் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: நானும் நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகளும் ‘எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்’ படித்தோம். என் புத்தகத்தில் ஊர் லிட்டில் கில்டன், அவளுடையதில் ஃபேர்வியூ. யாருடையது திருட்டுப் பதிப்பு? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருச்சி)

இரண்டும் நல்ல பதிப்புதான்! ஹாலி ஜாக்சன் இங்கிலாந்துக்காரர். 2019இல் வந்த மூல நூலில் ஊர் இங்கிலாந்தின் லிட்டில் கில்டன். அமெரிக்கப் பதிப்பில் கதையையே கனெக்டிகட் மாநிலத்துக்கு மாற்றி ஃபேர்வியூ என்று வைத்துவிட்டார்கள். அந்நிய ஊர் என்றால் அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. நாமெல்லாம் பார்த்தே இராத ஊர்களைப் பற்றிப் படித்துத்தானே வளர்ந்தோம்? துப்பறியும் பெண் பிப் இரண்டிலும் ஒரே பிப்தான். மூன்றாம் பாகத்தில் அவள் செய்யும் காரியத்தைப் பற்றி அத்தை மகளோடு சண்டை போடத் தயாராக இரு.

கேள்வி: இணையத்தில் எல்லாரும் கொண்டாடும் புத்தகம் எனக்குச் சுமாராகத்தான் இருக்கிறது. என்னிடம் ஏதாவது குறையா? (பத்தாம் வகுப்பு மாணவி, சேலம்)

இல்லை. பகைவர்களாகத் தொடங்கி, ஒரே கூடாரத்தில் தங்க நேர்ந்து, காதலர்களாக முடியும் இளவரசன் கதையை ஐந்தாவது முறை படிக்கும்போது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: நம் ஊரும் நம் ஆட்களும் வருகிற இளையோர் நாவல்கள் இல்லையா? தமிழில்? (கல்லூரி முதலாண்டு மாணவர், தஞ்சாவூர்)

ஆங்கிலத்தில் உண்டு. பத்மா வெங்கட்ராமனின் ‘கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்’ இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில் நடக்கிறது. தந்தை காவலர்களின் தடியடியில் மூளை பாதிக்கப்பட்டு முடங்கிவிட, பதினைந்து வயது வித்யா தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறாள். வீட்டில் ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. நூலகம் மாடியில். அவள் ஏறுகிற படிகள்தான் தலைப்பு. நூலகராக எனக்கு இந்த நாவல் மேல் பாரபட்சம் உண்டு. ஷியாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ’ 1980இன் கொழும்பில் நடக்கிறது. பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வரும் உறவுக்காரப் பையன், பொறாமை, பள்ளியில் ‘ஒத்தெல்லோ’ நாடகம். அமைதியான புத்தகம், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

தமிழில்தான் பள்ளம். சிறுவர்களுக்கு நன்றாகவே எழுதுகிறார்கள். பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இரண்டும் எங்கள் நூலகத்தில் அலமாரியில் தங்குவதே இல்லை. ஆனால் அவற்றைப் படித்து வளர்ந்த பிள்ளை பதினான்கு வயதில் அடுத்து என்ன என்று வந்து நின்றால், நான் நீட்டுவது ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகம். அற்புதமான கதைதான், ஆனால் அரையாண்டுத் தேர்வையும் முகப்பருவையும் தோழியோடு பேச்சு நின்றுபோனதையும் பற்றி வந்தியத்தேவன் ஒன்றும் சொல்வதில்லை. பதினாறு வயதுக் குரலில், தன்னிலையில், இன்றைய பஸ்ஸிலும் டியூஷனிலும் நடக்கும் தமிழ் நாவல் ஒரு அலமாரி அளவுக்கு வேண்டும். என்னிடம் இருப்பது அரைத் தட்டு.

கேள்வி: அக்கா, ‘லாங் வே டவுன்’ கவிதையா, நாவலா? முடிவில் அவன் வெளியே போனானா, இல்லையா? (பிளஸ் டூ மாணவன், வேலூர்)

காப்பியங்கள் உள்ள மொழியில் பிறந்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்கலாமா? இரண்டும்தான். ஜேசன் ரெனால்ட்ஸ் 2017இல் எழுதிய இந்த நாவல் முழுக்கவே சிறுசிறு கவிதைகள். அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், பதினைந்து வயது வில் அண்ணனின் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பழிவாங்கப் புறப்பட்டு லிஃப்டில் ஏறுகிறான். கதை நடப்பது லிஃப்ட் கீழே இறங்கும் சுமார் ஒரு நிமிடத்தில். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிறது. துப்பாக்கியால் செத்தவர்களில் ஒருவர் உள்ளே ஏறுகிறார். ஒரு புத்தகத்தைக்கூட முடித்திராத பையன் ஒருவன் எங்கள் நூலகத்தில் இதை ஒரே மாலையில் முடித்தான். பக்கத்துக்குச் சில வரிகள்தான், மீதி வெள்ளை. அந்த வெள்ளையிலும் கதை இருப்பதாக அவனே சொன்னான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லிஃப்ட் தரைத்தளம் வருகிறது, ஏறியவர்கள் வெளியேறுகிறார்கள், அண்ணன் திரும்பி “வருகிறாயா?” என்கிறான். அவ்வளவுதான் புத்தகம். எங்கள் குழுவில் கைதூக்கச் சொன்னோம்: போனான் என்று ஒன்பது பேர், போகவில்லை என்று பத்துப் பேர். மீதி ஒருவன் தூக்கவில்லை. என் வாக்கையும் கேட்டார்கள், நான் தரவில்லை. ஒரு மணி நேரம் கத்தித் தீர்த்துவிட்டு, இருட்டியபின் விளக்கை அணைத்துப் பூட்டினேன். கடைசியாக நின்ற ஐந்து பேரும் நானும் வழக்கம்போல் லிஃப்டில் ஏறினோம். இரண்டாம் மாடியில் அது தானாக நின்று கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. தரைத்தளம் வரும்வரை ஒருவரும் பேசவில்லை. கதவு திறந்த பிறகும் முதலில் யார் இறங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.