பழைய மவுண்டன் பைக்கை மேம்படுத்துவதா, புதிது வாங்குவதா?

கேள்வி: 2012-இல் வாங்கிய 26 அங்குல அலுமினிய ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்) வைத்திருக்கிறேன். 3×9 கியர் (முன்னால் 3, பின்னால் 9 பற்சக்கரம்), 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க், கேபிள் டிஸ்க் பிரேக். ஃபோர்க், சக்கரம், கியர் மூன்றையும் மாற்றலாமா, இல்லை புதிதே வாங்கிவிடலாமா?

நீங்கள் சொன்ன மூன்றில் கியருக்கு மட்டும் செலவு செய்யலாம். ஃபோர்க்கையும் சக்கரத்தையும் மாற்றியே ஆகவேண்டும் என்றால் புதிது வாங்குங்கள். பணம் மட்டுமே காரணம் இல்லை. அந்தக் கால ஃபிரேமின் அளவுகளுக்கு இன்றைய பாகங்கள் பொருந்துவதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் ஃபிரேமைப் பாருங்கள். கழுவித் துடைத்துவிட்டு, ஹெட் டியூபும் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) டவுன் டியூபும் (அதிலிருந்து கீழே இறங்கும் குழாய்) சேரும் வெல்டிங், பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கிராங்க் சுழலும் இடம்) சுற்றுப்புறம், சீட் கிளாம்புக்குக் கீழே, இந்த மூன்று இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அதன் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அது விரிசல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து. அலுமினிய ஃபிரேமுக்குத் தொழிற்சாலையில் வெல்டிங்குக்குப் பிறகு கொடுக்கும் வெப்பப் பதத்தை உள்ளூர்ப் பட்டறையில் கொடுக்க முடியாது. பற்றவைத்த இடத்தை ஒட்டியே மறுபடி உடையும். கிளாம்பைத் தளர்த்திவிட்டு சீட் போஸ்ட்டையும் திருகிப் பாருங்கள். அசையவே இல்லையென்றால் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது. அந்த ஃபிரேமில் பணம் போடவேண்டாம்.

ஃபிரேம் நன்றாக இருந்தால் அடுத்தது செயின். ஸ்டீல் ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். அதற்கு அடுத்த பின்னை ஒன்று என்று எண்ணினால் 24-ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருக்கவேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றினால் போதும். 1/8 தாண்டியிருந்தால் கேசட்டின் (பின் பற்சக்கரத் தொகுதி) பற்களும் தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் புதிதாகப் போட்டால், அதிகம் பயன்படுத்திய பற்சக்கரங்களில் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். 'கியர் செட்டே போச்சு' என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். 9 ஸ்பீடு செயின், கேசட், உள் கேபிள், வெளி உறை நான்கையும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கியர் செட்டையே மாற்றும் ஆசை போய்விடலாம்.

அதற்குப் பிறகும் முன்னால் ஒரே பல்சக்கரம் வேண்டும் என்றால் முதலில் கணக்குப் பாருங்கள். பழைய 3×9-இல் மிக இலகுவான கியர் பொதுவாக முன் 22 பல், பின் 34 பல். விகிதம் 0.65; இது குறையக் குறைய ஏற்றம் எளிது. அதை 32 பல், 11-46 கேசட் கொண்ட 1×10 ஆக்கினால் 0.70. காசு கொடுத்து ஏற்றத்தைக் கடினமாக்கிக்கொண்டதுதான் மிச்சம். 11-51 கேசட்டோடு வரும் ஷிமானோ டியோர் 11 ஸ்பீடு என்றால் 0.63, இது சரி. இந்தக் கேசட் பழைய எச்.ஜி. வகை ஃப்ரீஹப்பிலேயே (சக்கர மையமான ஹப்பில் கேசட் ஏறும் உருளை) ஏறும். டியோர் 12 ஸ்பீடுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும், அதாவது ஹப்பில் கைவைக்கவேண்டும். ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), பின் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்), கேசட், செயின் நான்கையும் ஒரே வரிசையில் வாங்குங்கள். ஷிமானோ மவுண்டன் 9 ஸ்பீடு டிரெய்லியரை 10 ஸ்பீடு ஷிஃப்டரோடு சேர்த்தால் கியர் சரியாக விழாது. இரண்டும் கேபிளை இழுக்கும் அளவு வேறு.

இந்தச் சைக்கிளில் மனமாரச் செலவு செய்யலாம் என்று நான் சொல்வது பிரேக்குக்கு. கேபிள் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) பிரேக் போட்டால் இறக்கத்தில் ஒற்றை விரலில் நிறுத்தலாம். ஃபிரேமில் பிரேக்கைத் திருகும் இடம் ஐ.எஸ். மவுண்ட் வகையா, போஸ்ட் மவுண்ட் வகையா என்று பார்த்து அதற்கான அடாப்டர் வாங்குங்கள். உங்கள் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே பாகமாக இருந்தால் ஷிஃப்டர் தனியாக வாங்க நேரும். ரோட்டரில் 'ரெசின் பேட் மட்டும்' என்று அச்சடித்திருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள், ரோட்டரை அரித்துவிடும். நாளைக்குப் புதுச் சைக்கிள் வாங்கினாலும் இந்த பிரேக்கைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ள பெரும்பாலும் வழியிருக்கும். கூடவே 100 மி.மீ. ஸ்டெம்முக்குப் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) பதில் 60, கொஞ்சம் அகலமான ஹேண்டில்பார், நல்ல 2.25 டயர். ஹேண்டில்பாரை ஸ்டெம் கவ்வும் இடத்தின் விட்டம் 25.4 மி.மீ.-ஆ 31.8-ஆ என்று அளந்துவிட்டு ஸ்டெம் வாங்குங்கள். டயருக்கு இருபுறமும் 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் சேறு சிக்கி ஃபிரேமைத் தேய்க்கும்.

ஃபோர்க்கில்தான் நின்றுவிடவேண்டும். அந்தக் கால ஹெட் டியூப் பலவும் மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம், ஃபோர்க்கின் மேல்தண்டான ஸ்டீரர் 28.6 மி.மீ. நேராக இருந்தால்தான் உள்ளே போகும். இன்றைய நல்ல ஃபோர்க்குகள் கீழே 1.5 அங்குலமாக விரியும் டேப்பர்ட். 26 அங்குலத்தில், நேர் ஸ்டீரரோடு, 9 மி.மீ. குயிக் ரிலீஸில் (லீவரால் கழற்றும் மெல்லிய அச்சு) தரமான ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று) புதிதாகக் கிடைப்பது அரிது. பழையதை வாங்கினால் ஸ்டீரரை ஏற்கெனவே அறுத்திருப்பார்கள், நீளம் பத்தாது. 130, 140 மி.மீ. ஃபோர்க்கை மாட்டிவிடவும் கூடாது. நீளம் 20 மி.மீ. கூடினால் ஹெட் கோணம் சுமார் 1 டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட் உயரும், ஒவ்வொரு அடியிலும் ஹெட் டியூப் வெல்டிங்குக்கு நெம்பு கூடும். 120-ஐத் தாண்டாதீர்கள்.

சக்கரமும் இப்படித்தான். பழைய பின் ஹப் 135 மி.மீ.; புது மவுண்டன் சக்கரங்கள் பெரும்பாலும் 148 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஃபிரேமை ஊடுருவிப் போகும் தடித்த அச்சு). 26 அங்குல ஃபிரேமில் 27.5 சக்கரத்தைத் திணித்தால் ரிம்மின் ஆரம் 12.5 மி.மீ. கூடும், செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்கள்) இடம் இருக்காது.

புதிது வாங்கப் போனால் டேப்பர்ட் ஹெட் டியூப், முன்னும் பின்னும் த்ரூ ஆக்ஸில், ஏர் ஃபோர்க், ஹைட்ராலிக் பிரேக், கேசட் ஏறும் ஹப் இவை ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்ஜெட் அதற்கு எட்டாமல், காயில் (ஸ்பிரிங்) ஃபோர்க்கும், கேசட்டுக்குப் பதில் 7 ஸ்பீடு திருகு ஃப்ரீவீலும் (ஹப்பில் திருகி ஏற்றும் பற்சக்கரத் தொகுதி) உள்ள புதுச் சைக்கிள்தான் கிடைக்கும் என்றால் வாங்காதீர்கள். சர்வீஸ் செய்த உங்கள் பழையதே அதைவிட மேல். திருகு ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்தள்ளி இருப்பதால் கல்பாதையில் ஆக்ஸில் வளையும், உடையும். அந்தப் பணத்துக்கு நான்கைந்து வருடம் ஓடிய நல்ல செகண்ட் ஹேண்ட் தேடுங்கள். பார்க்கப் போகும்போது ஃபோர்க்கின் வழுவழுப்பான கால்களைத் துடைத்துப் பாருங்கள். பூச்சு தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தால் ஃபோர்க் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.