18 பேரை சர்ப்ரைஸாக வெளியே கூட்டிப்போக வேண்டுமா?

கேள்வி: மேனேஜரும் நானும் சேர்த்து எங்கள் டீமில் 18 பேர். அடுத்த மாதம் ஒரு வேலை நாளில் எல்லாரையும் ஊருக்குள்ளேயே எங்காவது கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. காலையில் ஆபீஸுக்கு வந்த பிறகுதான் தெரியவேண்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்கிறார் மேனேஜர். பாதிப்பேர் என்னைவிட சீனியர், நாலு பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: மேனேஜரிடமிருந்தே ஆரம்பியுங்கள். அந்த 'மூச்சு விடக்கூடாது' விஷயத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். எங்கே போகிறோம், என்ன செய்யப்போகிறோம் என்பது ரகசியமாக இருந்தால் போதும். எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், எவ்வளவு நடக்கவேண்டும் என்ற மூன்றும் இரண்டு வாரம் முன்னாலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் குழந்தை காத்திருக்கும் ஒருவருக்கு, எப்போது விடுவார்கள் என்று தெரியாத நாள் சந்தோஷமான நாளாக இருக்காது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆபீஸ் டீம்களுக்கு இப்படி ஏற்பாடு செய்யும் வேலைக்கு வந்த புதிதில், யாருக்கும் சொல்லாமல் ஒரு கூட்டத்தை ஒரு பழைய கோபுரத்துக்குக் கூட்டிப்போனேன். மேலே ஏறினால் ஊரே தெரியும், எனக்கு ஒரே பெருமை. ஆனால் ஏறப் படிகள் மட்டும்தான், லிஃப்ட் கிடையாது. அந்த டீமில் ஒருவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தது, அதை அவர் ஆபீஸில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் பையெல்லாம் பார்த்துக்கிறேன்" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்து பார்த்தால் இருபது பைகளுக்கு நடுவே மனிதர் தனியாக. அன்றைக்கு எடுத்த ஒரு குரூப் போட்டோவிலும் அவர் இல்லை.

அதனால் முன்கூட்டியே ஒரு சின்ன படிவம் அனுப்பிவிடுங்கள். சாப்பாட்டில் எது ஆகாது, படி ஏறுவது, உயரம், தண்ணீர், பூட்டிய அறை இதிலெல்லாம் எது ஒத்துவராது, குறித்த நேரத்தில் மருந்து சாப்பிடவேண்டுமா, எத்தனை மணிக்குக் கிளம்பியாகவேண்டும். காரணம் கேட்காதீர்கள். பதில்களை நீங்கள் மட்டும் பாருங்கள். எல்லாக் கேள்வியும் எல்லாருக்கும் போவதால் இடம் எது என்று யாராலும் ஊகிக்கவும் முடியாது.

ரகசியம் பெரும்பாலும் வாயால் வெளியே போவதில்லை. புக்கிங் உறுதியான மெயில் டீமின் பொது முகவரிக்கு வந்து விழும், அல்லது நீங்கள் மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது மூலையில் பளிச்சென்று ஒரு அறிவிப்பு. சொந்த மெயிலில் புக் செய்யுங்கள். காலண்டரில் அந்த நாளைப் பிடித்து வைக்கும்போது, பயமுறுத்தும் பெயர் எதையும் போட்டுவிடாதீர்கள். 'காலாண்டு ரிவ்யூ' என்று ஒருவர் போட்டு வைக்க, பாவம், ரெண்டு பேர் ராத்திரி முழுக்க விழித்து ஸ்லைடு தயாரித்துக்கொண்டு வந்தார்கள்!

சரி, கூட்டத்துக்கு வருவோம். 18 பேர் ஒன்றாக நடக்கவே முடியாது. ஒரு சிக்னலில் பத்துப் பேர் கடப்பார்கள், எட்டுப் பேர் அந்தப் பக்கம் நிற்பார்கள், அதற்குள் இரண்டு பேர் கடைக்குள் நுழைந்திருப்பார்கள். பேச்சும் அப்படித்தான். சேர்ந்து அரட்டை அடிப்பவர்கள் நாலு பேருக்கு மேல் போனால் பேச்சு தானாக இரண்டாகப் பிரிந்துவிடும் என்று ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் 1990களிலேயே எழுதியிருக்கிறார். உங்கள் கணக்கு அழகாக வருகிறது பாருங்கள்: நீங்கள் ஓடியாடி வேலை பார்க்கவேண்டும், மேனேஜரை நடுவராக்கிவிடுங்கள், மீதி 16 பேர், நாலு நாலு பேராக நாலு குழு. ஒவ்வொன்றிலும் ஒரு புது ஆள், தினமும் அவருக்கு வேலை கொடுக்கிறவர் மட்டும் அதே குழுவில் வேண்டாம். குழுவை நீங்களே பிரியுங்கள். 'நீங்களே பிரிஞ்சுக்கோங்க' என்றால் தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் சேருவார்கள், புதியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

என்ன செய்வது? என் ஓட்டு, ஊரின் பழைய பகுதி ஒன்றில் துப்பு தேடும் விளையாட்டுக்கு. ஒரு கட்டடத்தின் நெற்றியில் செதுக்கிய ஆண்டு, ஒரு சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது, பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்து அதே கோணத்தில் இன்றைக்கு ஒரு படம், இப்படிப் பத்துப் பன்னிரண்டு. வேகமாக முடித்தவருக்கு மார்க் என்று வைத்தால் சாலையில் ஓடுவார்கள், அதனால் சரியான பதிலுக்கு மட்டும் மார்க். தெருவில் ஆடு, பாடு என்று யாரையும் கூச்சப்பட வைக்காதீர்கள், சீனியர்களுக்கு முக்கியமாக. பூட்டிய அறைக்குள் புதிர்களை விடுவித்து வெளியே வரும் எஸ்கேப் ரூமும் நல்லதுதான், 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கியது இன்று எங்கெங்கோ பரவிவிட்டது, பெரும்பாலும் ஒரு மணி நேர ஆட்டம். ஆனால் நாலு குழுவுக்கும் ஒரே நேரத்தில் அறை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மியூசியம் என்றால் எந்தக் கிழமை விடுமுறை என்று முதலில் பாருங்கள், பல ஊர்களில் திங்கள்.

எதுவானாலும் ஒரு வாரம் முன்னால், அதே கிழமை, அதே நேரத்தில் நீங்கள் ஒருமுறை நடந்து பார்த்தே ஆகவேண்டும். உங்களுக்கு ஆகிற நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள், கழிப்பறைக்குத் தனியாக இருபது நிமிஷம் சேருங்கள். மழை வந்தால் ஒதுங்க ஒரு இடமும் அப்போதே பார்த்து வையுங்கள். செலவு முழுக்க ஆபீஸுடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கு யாரும் பர்ஸைத் திறக்கக்கூடாது.

முடிவில் கவனம் வையுங்கள். 1993இல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கவேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடி, கூடவே தண்ணீரின் குளிர் லேசாகக் குறையும் 30 விநாடி. எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பெரும்பாலானவர்கள் நீளமானதைத்தான் கேட்டார்கள். கடைசிக் கொஞ்ச நேரம் அப்படி நினைவில் நிற்கிறது. நெரிசலில் நகராத வண்டியில் உங்கள் நாள் முடிந்தால் அதைத்தான் மறுநாள் பேசுவார்கள். எல்லாரும் சுலபமாக வீட்டுக்குப் போகக்கூடிய இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்து, எடுத்த படங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி முடியுங்கள். மேனேஜர் பேசியே தீருவேன் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசட்டும், பசி அவரைச் சுருக்கிவிடும். அப்புறம், நாலரைக்கு முடியும் என்று சொல்லியிருந்தால் நாலரைக்கு எல்லாரிடமும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். இருக்க நினைப்பவர்கள் இருப்பார்கள், கிளம்பவேண்டியவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் கிளம்புவார்.