மகளுக்கு வெள்ளை அணு 3,100: எடை குறைந்ததாலா?

மகளின் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 3,100 என்று வந்திருக்கிறது, எடை குறைந்ததாலா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், பெரும்பாலும் அதனால்தான். ஆறு மாதமாகச் சோற்றை ஒதுக்கி எடை இறங்கிய பெண்ணுக்கு வெள்ளை அணு (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில்) 4,000-க்குக் கீழே போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பட்டினியைத்தான். போதிய உணவில்லாமல் எலும்பு மஜ்ஜை அணுக்களை உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. உணவு சீரானால் எண்ணிக்கையும் ஏறிவிடும்.

"காய்ச்சலே வரவில்லை, எதிர்ப்பு சக்தி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள். மெலிந்த உடம்பில் கிருமி புகுந்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். காலில் ஆறாத புண் என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை.

காலையில் படுக்கையிலேயே நாடி பாருங்கள். நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நீங்கள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுச் சித்தூரோ கோயம்புத்தூரோ, எது பக்கமோ அங்கே. ரத்தப் பூச்சு (ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி அணுக்களைப் பார்ப்பது), பொட்டாசியம், பாஸ்பேட், பி12 பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் தட்டணுவும் (பிளேட்லெட்) சேர்ந்து குறைந்திருந்தால் வேறு காரணமும் தேட வேண்டும்.

அப்புறம் ஒன்று. பயத்தில் மட்ட அரிசிச் சோறும் நேந்திரம்பழமுமாக ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென நிறைய சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கக்கூடும். எவ்வளவில் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளையைத் திட்டாதீர்கள். இது பிடிவாதம் இல்லை, நோய். மனநல ஆலோசனைக்கு 14416-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.