கடலோரப் பறவைகள், ஏற்றமும் வற்றமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் பறவைக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வேலை நிமித்தமாக வெப்பமான ஒரு கடலோரப் பகுதிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த கையோடு 400 மிமீ லென்ஸ் ஒன்று வாங்கினேன். செயலியில் அதிக இனங்கள் பதிவான நான்கு இடங்களுக்கும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பறவைகள் தொலைவில் புள்ளி புள்ளியாகத்தான் நிற்கின்றன. கிட்டப் போனால் பறந்துவிடுகின்றன. அதே இடங்களில் எடுத்ததாக மற்றவர்கள் போடும் படங்களில் கண்ணைச் சுற்றியுள்ள வளையம்கூடத் தெரிகிறது. நல்ல இடங்களை மறைக்கிறார்களா, அல்லது 600 மிமீ இல்லாமல் இந்த வேலையே ஆகாதா? நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்வீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பெரும்பாலும் யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் மறைப்பார்கள். அதற்கு ஒரு நியாயம் உண்டு, பிறகு சொல்கிறேன். நீங்கள் போன நான்கு இடங்களும் நல்ல இடங்களாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை மணிக்குப் போனீர்கள், அப்போது தண்ணீர் எங்கே நின்றது என்பது கடிதத்தில் இல்லை. கடலோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

காட்டில் ஒரு மரம் காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் நிற்கும். கடலோரச் சேற்றுவெளி அப்படியில்லை. கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடப்பது, நீர் உயரும் ஏற்றத்தில் ஒரு துண்டு நிலமாகச் சுருங்கிவிடும். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் போன்ற கரைப்பறவைகள் வற்றத்தில் இரை தேடப் பரவிவிடுகின்றன. நீங்கள் பார்த்த புள்ளிகள் அவைதான். அப்போது எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அது அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் துரத்த வேண்டியதில்லை, கடலே ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் விடும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள்.

பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி. அதனால் ஏற்ற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை ஏழுக்கு ஏற்றம் என்றால் அடுத்த ஞாயிறு காலை ஏழுக்கு வற்றம் நடந்துகொண்டிருக்கும். ஞாயிறுதோறும் ஒரே நேரத்துக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் பறவை மழை, மறுவாரம் வெறும் சேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். இடைப்பட்ட அரைநிலா நாட்களில் அந்த வேறுபாடு குறைவு. ஏற்றவற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் துறைமுகத்துக்குக் கணித்தது. உள்வாங்கிய காயலுக்கு அந்த ஏற்றம் ஒரு மணி நேரம் தாமதமாகக்கூட வந்து சேரலாம். ஆகவே ஒரு சிறு நோட்டில், தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டபோது பறவைகள் வந்தன, எந்தக் கல் மூழ்கியதும் எழுந்து போயின என்று குறித்து வையுங்கள். மூன்று நான்கு முறை குறித்தால் உங்களுக்கென்று ஒரு அட்டவணை கிடைத்துவிடும், எந்தச் செயலியிலும் இல்லாதது. ஏற்றவற்றமே பெயரளவுக்குத்தான் என்று சில கரைகள் உண்டு. அங்கே நீரை நகர்த்துவது காற்று, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை இப்படிக் காத்திருந்தேன். கரைமேட்டில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து அரைமணி நேரம் அசையவில்லை. தண்ணீர் ஒவ்வொரு விரற்கடையாக ஏறியது. முதலில் இரண்டு உப்புக்கொத்திகள், பிறகு முப்பது நாற்பது உள்ளான்கள். ஒரு கல்திருப்பி உள்ளான் வரிசையாகச் சிப்பி ஓடுகளைப் புரட்டிக்கொண்டே வந்தது. அலகை அடியில் கொடுத்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டினால் ஓடு கவிழும். அடியில் இருக்கும் சின்னப் பூச்சி ஓடுவதற்குள் கொத்திவிடும். அப்படியே புரட்டிப் புரட்டி என் செருப்பருகே வந்து, செருப்பின் விளிம்பிலும் அலகைக் கொடுத்துப் பார்த்தது. புரளவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஓட்டுக்குப் போனது. அதைப் படம் எடுக்கவில்லை. என் லென்ஸ் தெளிவாகக் காட்டக்கூடிய மிகக் குறைந்த தூரத்துக்கும் உள்ளே வந்துவிட்டது. நீங்கள் 600 பற்றிக் கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

செயலிகளைப் பற்றி. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும் இ-பேர்டு 2002 முதல் இருக்கிறது, நானும் தினமும் பார்ப்பவன்தான். ஆனால் அதில் முன்னால் வரும் இடங்கள் இனங்களின் எண்ணிக்கையால் வருபவை. தொலைநோக்கியில் 400 மீட்டரில் அடையாளம் கண்டாலும் பட்டியலில் ஓர் இனம்தான். படத்துக்கு அது உதவாது. எந்த மாதம் எது வருகிறது என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்குச் செயற்கைக்கோள் படத்தைத் திறவுங்கள். ஆற்றின் கழிமுகம், அதன் வாயை அடைக்கும் மணல் திட்டு, சாம்பல் நிறச் சேற்றுவெளி, கட்டம் கட்டமாகத் தெரியும் உப்பளப் பாத்திகள் ஆகியவற்றைத் தேடுங்கள். பழைய தேதிப் படங்களையும் புரட்டிப் பார்த்தால் ஏற்றத்திலும் எது மூழ்காமல் நிற்கிறது என்று தெரியும். மூழ்காத அந்தத் துண்டில்தான் பறவைகள் ஒதுங்கும்.

என்னைக் கேட்டால் உப்பளத்துக்கே முதல் ஓட்டு. சேற்றுவெளி மூழ்கும்போது நெடுங்கால் உள்ளான்களும் மூக்கன்களும் அங்கேதான் வருகின்றன. பாத்திக்குப் பாத்தி உப்பின் அடர்த்தி மாறும். மீன் பிழைக்காத அளவு உப்பேறிய நீரில் உப்புநீர் இறால் பெருகும், பூநாரைக்கு அது விருந்து. வரப்பில் வண்டி போக அனுமதி கிடைத்தால் அதுவே மறைவிடம். மனிதனைக் கண்டு பறக்கும் பறவை, நின்றுபோன காரைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உப்பளம் ஒருவருடைய பிழைப்பு. கேட்காமல் நுழையாதீர்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்தப் பாத்தியில் நேற்று எது நின்றது என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் வெளிச்சமும் காற்றும். இதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் எழும்பும், இறங்கும், பெரும்பாலும் நிற்கவும் செய்யும். ஆகவே சூரியனும் காற்றும் இரண்டுமே உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், முகத்தில் வெளிச்சத்தோடு பறவை உங்களை நோக்கியே வரும். மேற்கு நோக்கிய கரையில் இது எளிது. காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும், சூரியனும் நிலத்துப் பக்கம். கரையில் நின்று கடலைப் பார்த்தால் போதும். கிழக்கு நோக்கிய கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம், காற்றோ நிலத்துப் பக்கம். வெளிச்சத்துக்காக மணல் திட்டில் நின்று உட்புறக் காயலைப் பார்த்தால் எல்லாப் பறவையும் வாலைக் காட்டும். அங்கே கடற்காற்று தொடங்கும் முற்பகலுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது கடலிலிருந்து வீசும் பருவக்காற்று மாதங்களைப் பிடிக்க வேண்டும். உங்கள் கரை எந்தத் திசை என்று எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் இதமான வெளிச்சம் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பின் கானல். சூடேறிய மணலுக்கு மேல் காற்று நெளிய ஆரம்பித்தால் தூரத்துப் பறவை நீருக்கடியில் கிடப்பதுபோல் குழையும். அதைப் பெரிய லென்ஸ் சரிசெய்யாது, நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கித் தரும். எனவே 400 போதும், இப்போதைக்கு. மிச்சமாகும் பணத்தில் படுத்து எடுக்க ஒரு விரிப்பும், ஈரத்திலிருந்து காக்க ஒரு உறையும் வாங்குங்கள். நின்று எடுத்த உள்ளானுக்குப் பின்னால் சேறுதான் தெரியும். படுத்து எடுத்தால் பின்னணி கரைந்து பறவை தனியாக எழுந்து நிற்கும்.

இனி மறைப்பவர்களின் நியாயம். ஏற்றத்தில் ஒதுங்கி நிற்கும் கூட்டம் ஓய்வெடுக்கிறது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. அதன் உடலில் பொருத்திய கருவி சொன்ன கணக்கு இது. இப்படிப்பட்ட பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை நம் ஒரு படத்துக்காக எழுப்பிப் பறக்கவிட்டுச் செலவழிப்பது அநியாயம். இன்னொன்று, ஆலாக்களும் சில உப்புக்கொத்திகளும் வெறும் மணலில் முட்டையிடும். வெயிலில் தாய் அடைகாப்பதைவிட நிழல் கொடுப்பதுதான் அதிகம். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் பக்கத்தில் நிற்பதால் அது திரும்ப முடியாமல் போனால் முட்டை வெந்துவிடும். சிறகொடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஒரு உப்புக்கொத்தி உங்கள் முன்னால் ஓடினால், அது படத்துக்கு நிற்கவில்லை. வந்த வழியே, கால் வைத்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். கூடு இருக்கும் திட்டின் பெயரை எங்கும் எழுதாதீர்கள். நானும் எழுதுவதில்லை.

நான்கு இடங்களையும் சுற்றுவதை நிறுத்தி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கேமரா இல்லாமல் வற்றத்தில் போய், எங்கே சேற்றில் கால் புதைகிறது, ஏறும் நீர் பின்பக்க ஓடை வழியாக வந்து திரும்பும் பாதையை அடைக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் போய், இடுப்பளவு தண்ணீரில் கேமராப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவைக் கரையில் உடனே திறக்காதீர்கள். கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிடும், துடைக்கத் துடைக்கப் படியும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். எப்படியும் தண்ணீர் ஏற நேரம் இருக்கும்.