பந்தலுக்குக் கீழ ஒரு மரம் இருக்கு

வணக்கம் அக்கா,

நான் யோகோஹாமால வேலை பாக்குறேன். சரம் சரமா தொங்குற விஸ்டீரியாப் பூவைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சிட்டுத்தான் மே 4-ம் தேதி, கோல்டன் வீக்ல, அதாவது ஏப்ரல் கடைசில இருந்து மே முதல் வாரம் வரைக்கும் இங்க வர்ற தொடர் லீவுல, மதுரைல இருந்து வந்திருந்த அப்பா அம்மாவை டோக்கியோவுக்கு வடக்க இருக்கற அஷிகாகா ஃப்ளவர் பார்க்குக்கு கூட்டிட்டுப் போனேன். ஒரே கூட்டம். பூவைக் கம்பில தொங்கவிட்டு, சாயங்காலம் லைட் போட்டு, அதுக்கு டிக்கெட். இதுல இயற்கை எங்க இருக்கு? அம்மா மட்டும் ஒரு மஞ்சப் பூவைப் பாத்து "நம்ம ஊரு கொன்றை மாதிரியே இருக்குடா"ன்னாங்க. ஒரு மணி நேரத்துல கிளம்பிட்டோம். மனசு விட்டுப்போச்சு.

யோகோஹாமால இருந்து ஒரு வாசகர்

அன்புத் தம்பிக்கு,

அம்மாவையும் கூட்டிட்டு அவ்வளவு தூரம் போய் இப்படி ஆயிடுச்சுன்னு படிச்சப்போ எனக்கே கஷ்டமா இருந்துச்சு, தேதியைப் பத்தி நான் இன்னும் தெளிவா எழுதியிருக்கணும். அங்க விஸ்டீரியா, அதாவது ஜப்பான்காரங்க ஃபுஜின்னு சொல்றது, எல்லாம் ஒரே நாள்ல பூக்காது. ஏப்ரல் நடுவுல இளஞ்சிவப்பு ஆரம்பிக்கும், அப்புறம் ஊதா, அப்புறம் வெள்ளை, கடைசியா மஞ்சள். அம்மா கண்ணுல மஞ்சள் பட்டுச்சுன்னா ஊதா முடியுற நேரத்துக்குப் போயிருக்கீங்கன்னு அர்த்தம். அம்மா சொன்னது எவ்வளவு சரி தெரியுமா, அந்த மஞ்சள் லேபர்னம், அதுவும் விஸ்டீரியாவும் நம்ம சரக்கொன்றையும் எல்லாம் அவரைக் குடும்பம்தான், பூ முடிஞ்சா காய்க்கறது கூட அவரை மாதிரி நெத்துதான்.

ஆனா "கம்பில தொங்கவிட்ட பூ"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல தம்பி. நீங்க மேலயே பாத்துட்டு வந்துட்டீங்கன்னு நினைக்கிறேன். அந்தப் பெரிய ஊதாப் பந்தல் 1000 சதுர மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட நாலரை கிரவுண்ட், அவ்வளவும் ஒரே ஒரு மரத்தோட கொடி, வயசு 160-க்கு மேல. அது முளைச்ச இடமும் அது இல்ல. பழைய தோட்டம் இருந்த இடத்தைக் காலி பண்ண வேண்டி வந்தப்போ 20 கிலோமீட்டர் தள்ளி இங்க கொண்டு வந்து நட்டாங்க, 1996-ல. இவ்வளவு பெரிய விஸ்டீரியாவைப் பேத்து நட்டா பொழைக்காதுன்னு எல்லாரும் கைவிட்டப்போ பொறுப்பை எடுத்துக்கிட்டவங்க கொனாமி ட்சுகமோட்டோ, ஜப்பானோட முதல் பெண் மர டாக்டர். ரெண்டு வருஷம் மரத்தைத் தயார் பண்ணியிருக்காங்க. விஸ்டீரியாவோட அடிமரம் மெத்துன்னு இருக்கும், கயிறு கட்டித் தூக்கினா பட்டை நசுங்கிடும், அதனால என்ன பண்ணாங்க தெரியுமா, கை ஒடிஞ்சா நமக்குப் போடுவாங்களே மாவுக்கட்டு, அதை மரத்துக்குப் போட்டுத் தூக்கினாங்க. அடுத்த வருஷம், 1997-ல பார்க் திறந்துச்சு. கொண்டு வந்தப்போ பந்தல் சின்னதுதான், இன்னைக்கு இருக்கற அகலம் முழுக்க இங்க வந்து வளந்தது.

இயற்கை எங்கன்னு கேக்கறீங்க. காட்டுல இந்தக் கொடியைத் தானா விட்டா பக்கத்து மரத்துல சுத்தி ஏறி, இறுக்கி, வெளிச்சத்தை மறைச்சு அந்த மரத்தையே சாகடிச்சுடும். ஜப்பான் மலைல சிடார் தோப்பு நடுவுல ஊதா தெரிஞ்சா, அங்க ரொம்ப நாளா ஆள் போகலன்னு சொல்லுவாங்க. பந்தல் போட்டு, குளிர்காலத்துல வெட்டி, பூ முடிஞ்சதும் நெத்து விடறதுக்கு முன்னாடி காம்பைக் கிள்ளி எடுத்து வருஷா வருஷம் பாத்துக்கிட்டாத்தான் இப்படி நேராத் தொங்கும். நம்ம வீட்டுப் புடலைக்குக் கல்லு கட்டித் தொங்கவிடுவோமே, அந்தக் கைதான் இதுவும். லைட் விஷயத்துல நான் உங்க பக்கம், எனக்கும் காலை வெளிச்சம்தான் பிடிக்கும்.

நான் போனது ஒரு புதன்கிழமை காலைல. ஒரே ஒரு சரத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னேன். மேல காம்புப் பக்கம் பூ வாடி உதிர ஆரம்பிச்சிருக்கு, நடுவுல நல்லா விரிஞ்சிருக்கு, நுனில இன்னும் கடுகு மாதிரி மொட்டு, அப்போ முழுசாப் பூத்த நாள்னு எந்த நாளைச் சொல்றது? நெஞ்சுல மஞ்ச ரோமம் வெச்ச குண்டு கருவண்டு ஒண்ணு வந்து உக்காந்துச்சு, அது தலையால முட்டித் தள்ளினதும் கீழ் இதழ் இறங்கி உள்ள இருந்து மகரந்தக் காம்பு எட்டிப் பாத்து அதோட வயித்துல தடவுது, வண்டு பறந்ததும் இதழ் பழையபடி மூடிக்குது. அந்தப் பூவைத் திறக்க அவ்வளவு பலம் வேணும், சின்னப் பூச்சிகளால ஆகாது.

அடுத்த வருஷம் அம்மா வந்தா ஏப்ரல் 20-க்கு மேல, கோல்டன் வீக் தொடங்கறதுக்கு முன்னாடி, வார நாள்ல போங்க. டோக்கியோல உவேனோ ஸ்டேஷன்ல ரயில் ஏறி ஒயாமால ரியோமோ லைனுக்கு மாறுங்க. 2018-ல பார்க் பக்கத்துலயே ஸ்டேஷன் திறந்துட்டாங்க, அம்மாவுக்கு நடை அதிகம் இருக்காது. பூ எவ்வளவு பூத்திருக்குன்றதைப் பொறுத்து டிக்கெட் விலை மாறும், அதைப் பாத்தே இப்ப எந்தக் கட்டத்துல இருக்குன்னு ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். உள்ள போனதும் மேல பாக்காம நேரா அந்த அடிமரத்துக்கிட்ட அம்மாவைக் கூட்டிட்டுப் போய் மாவுக்கட்டுக் கதையைச் சொல்லுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க தம்பி.

அன்புடன்,
அக்கா