ரீச்சரிட்டக் கேளுங்கோ: பக்கத்தில் நின்றவை

போன இதழில் ஹைதராபாத்தில் நடந்த உலக அழகுராணிப் போட்டியைப் பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்தால் அதே கதைதான். வென்ற பிள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பக்கத்தில் நின்று கைதட்டினவையைப் பற்றித்தான் யோசனை. காலமெல்லாம் முடிவுக் கோட்டில் நின்று யார் முதல், யார் இரண்டாவது என்று பிடித்த விளையாட்டு ரீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் மகள் தமிழ்த்தினப் போட்டியில் வலய மட்டத்தில் பேச்சுக்கு இரண்டாமிடம். முதலாமிடம் மட்டும்தான் மாகாணத்துக்குப் போகலாமாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் இல்லை. போனில் அழகுராணிப் போட்டிகளைப் பார்த்துவிட்டு, "அந்த அக்காமார் இரண்டாவதாக வந்தும் சிரிக்கினம், எனக்கேன் முடியேல்லை" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

தங்கச்சி, அந்தச் சிரிப்பை நம்ப வேண்டாம் என்று முதலில் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. முடிவு அறிவிக்கிற நேரம் கமரா இரண்டு முகத்தையும் விட்டு அசையாது. நடைக்கும் கையசைப்புக்கும் பழகுகிற பிள்ளைகள் இதற்கும் பழகித்தான் மேடைக்கு வருகினம். பழகாத உங்கட மகள் அழுகிறாள். அழட்டும்.

பிறகு 1994ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லுங்கோ. இந்திய அழகுராணிப் போட்டியில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் புள்ளியில் சரிசமன். சமனை உடைக்க ஆளுக்கொரு கேள்வி. சுஷ்மிதாவிடம் நாட்டின் நெசவுப் பாரம்பரியத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவர் காந்தியின் கதரில் தொடங்கினார், முடி அவருக்குப் போனது. ஐஸ்வர்யா இரண்டாவது. அந்த மே மாதம் மணிலாவில் சுஷ்மிதா பிரபஞ்ச அழகி ஆனார். நவம்பரில் தென்னாபிரிக்காவின் சன் சிற்றியில் ஐஸ்வர்யா உலக அழகி ஆனார். எங்கட பக்கம் அப்போது கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். உள்ளூரில் தோற்ற பிள்ளை உலகத்தில் வென்றது எப்படி என்று எங்கட ஸ்ராவ் றூமில் ஒரு பெரிய வழக்கே நடந்தது.

விடை சின்னது. முதலாவதாக வந்தவரைப் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கும், இரண்டாவதாக வந்தவரை உலக அழகிப் போட்டிக்கும் இந்தியா அனுப்பியது. 2000ஆம் ஆண்டில் இன்னும் விசேஷம். லாரா தத்தா முதலாவது, பிரியங்கா சோப்ரா இரண்டாவது, தியா மிர்சா மூன்றாவது. லாரா பிரபஞ்ச அழகி, பிரியங்கா உலக அழகி, தியா ஆசிய பசுபிக் அழகி. மூன்று பேரும் ஒரே வருசத்தில் ஆளுக்கொரு முடியோடு வந்தார்கள்.

தோல்வியைத் தாங்கிய மனம்தான் ஐஸ்வர்யாவை உயர்த்தியது என்று பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர்மார் சொல்லுவினம். நான் அப்படி நினைக்கவில்லை. மனம் இருந்திருக்கும்தான். ஆனால் இரண்டாவது ஆளையும் அனுப்ப ஒரு இடம் இருந்தது. உங்கட மகளுக்கு அந்த இடம் இல்லை, அதுதான் வித்தியாசம். பேச்சில் ஒரு புள்ளி குறைந்த பிள்ளையை வலயத்தோடு மறித்துவிடுகிற ஒழுங்கு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆகையால் பிள்ளைக்குத் தத்துவம் சொல்லாதேயுங்கோ, வேறு வாசல் தேடுங்கோ. பிரதேச செயலகத்தின் இலக்கியப் போட்டி இருக்கு, அறநெறிப் பாடசாலைப் போட்டி இருக்கு, கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் இருக்கு. அதே பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு அங்கே போய் ஏறட்டும்.

முதலாவது ரன்னர் அப், மூன்றாவது ரன்னர் அப் என்கிறார்களே, கணக்கு விளங்கவில்லை.
— வாசகர், மல்லாவி

வென்றவரை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குங்கோ. முதலாவது ரன்னர் அப் இரண்டாமிடம், மூன்றாவது ரன்னர் அப் நாலாமிடம். ஹைதராபாத்தில் வென்ற தாய்லாந்துப் பிள்ளை ஓபல் சுசாதா, 2024 நவம்பரில் மெக்சிக்கோ சிற்றியில் பிரபஞ்ச அழகிப் போட்டியில் அப்படி நாலாமிடம் வந்தவர்தான். ஆறேழு மாதத்தில், 2025 மே 31இல், உலக அழகி. மிஸ் ஏர்த் என்றொரு போட்டி பிலிப்பைன்ஸில் 2001இல் தொடங்கியது. அங்கே இந்தக் கணக்கே இல்லை. அடுத்து வருகிற மூன்று பேருக்கும் காற்று, நீர், நெருப்பு என்று பட்டம்.

வென்றவரின் முடி இரண்டாமிடத்துக்குக் கைமாறிய சம்பவங்கள் உண்டா?
— மாணவி, வவுனியா

உண்டு பிள்ளை, வடிவாக உண்டு. வென்றவர் கடமையைச் செய்ய முடியாமல் போனால் அடுத்தவர் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்பது பொது வழக்கம். 2002இல் ரஷ்யாவின் ஒக்ஸானா ஃபெடரோவா பிரபஞ்ச அழகியாகி நாலு மாதத்தில் பட்டத்தை இழந்தார். பனாமாவின் ஜஸ்டின் பாசெக் அதை ஏற்றார். 1980இல் ஜேர்மனியின் கப்ரியேலா புரூம் உலக அழகியாகி 18 மணித்தியாலத்தில் விலகிவிட்டார். முடி குவாம் தீவின் கிம்பர்லி சாந்தோஸுக்குப் போனது. குவாம் எங்கே என்று உங்கட சமூகக்கல்வி ரீச்சரிடம் கேளுங்கோ.

எனக்கு மனதில் நிற்பது 1974. பிரித்தானியாவின் ஹெலன் மோர்கன் வென்று நாலாம் நாள் விலகினார். கலியாணம் முடிக்காமல் ஒரு பிள்ளைக்குத் தாய் என்று தெரியவந்து, பத்திரிகைக்காரர் அவரை இருக்கவிடவில்லை. தென்னாபிரிக்காவின் அனலின் கிறீல் உலக அழகி ஆனார். தாயாக இருப்பது ஒரு குற்றமா என்று அன்றைக்குக் கேட்க ஆளில்லை.

47 வருசத்துக்குப் பிறகு அதே மாதிரிக் கதை எங்கட கொழும்பில். 2021 ஏப்ரலில், தாமரைத் தடாகம் அரங்கில், திருமதி இலங்கைப் போட்டி. புஷ்பிகா டி சில்வாவுக்கு முடி சூட்டியாயிற்று. அப்போது திருமதி உலக அழகிப் பட்டத்தோடு இருந்த கரோலின் ஜூரி, விவாகரத்தானவருக்கு விதியில் இடமில்லை என்று மைக்கில் சொல்லி, அந்த முடியைக் கழற்றி இரண்டாமிடம் வந்தவரின் தலையில் வைத்தார். புஷ்பிகா பிரிந்து வாழ்கிறவர், விவாகரத்தானவர் அல்ல. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டு முடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜூரி கைதாகிப் பிணையில் வந்தார். பிறகு தன் உலகப் பட்டத்தையும் விட்டுக்கொடுத்தார், அதுவும் அந்தப் போட்டியின் இரண்டாமிடத்துக்காரரான அயர்லாந்துப் பெண்ணுக்குப் போனது!

அந்த நாட்களில் எல்லாரும் புஷ்பிகாவைப் பற்றியும் ஜூரியைப் பற்றியும்தான் கதைத்தார்கள். நடுவில் நின்ற மூன்றாவது பெண்ணை நினைத்துப் பாருங்கோ. தான் கேட்காத முடி தலையில் வந்து ஏறுகிறது, நாடே பார்க்கிறது, பிறகு அதை இறக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புருசன் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துப் பட்டம் கொடுக்கிற விதியை எங்கட முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ கொண்டுவந்தால் மேடையில் எத்தனை பேர் மிஞ்சுவினம்? காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு மரணச் சான்றிதழும் இல்லை, விவாகரத்துக் கடிதமும் இல்லை. அவ எந்த வரிசையில் நிற்பது?

இலங்கைப் பெண் யாராவது இப்படி ரன்னர் அப் ஆக வந்திருக்கிறாரா?
— வாசகர், முள்ளியவளை

1955இல் மொறீன் ஹிங்கேட். கொழும்புப் பறங்கிச் சமூகத்துப் பிள்ளை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் பிரபஞ்ச அழகிப் போட்டி. சுவீடனின் ஹிலவி ரொம்பின் முதலாவது, எல் சல்வடோர் இரண்டாவது, எங்கட சிலோன் மூன்றாவது. அந்தப் போட்டியே தொடங்கி மூன்று வருசம்தான். மொறீன் அதற்குப் பிறகு ஹொலிவூட் படங்களில் நடித்தார். 1984ஆம் ஆண்டின் திருமதி உலக அழகி ரோசி சேனாநாயக்க பின்னாளில் கொழும்பு மாநகர முதல்வர் ஆனார், ஆனால் அவர் முதலாமிடம். உங்கட கேள்விக்குள் வரமாட்டார்.

இதெல்லாம் காசுக்காரப் பிள்ளையளின் விளையாட்டுத்தானே? நான் தையல்காரி, அந்த உடுப்புகளின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுது.
— ஒரு சகோதரி, விசுவமடு

பெரும்பாலும் ஓம். ஆனாலும் உங்களுக்கென்றே ஒன்று இருக்கு. 1994 இந்தியப் போட்டிக்கு சுஷ்மிதா போட்ட நீளச் சட்டைக்குத் துணி டெல்லியில் சரோஜினி நகர்ச் சந்தையில் வாங்கியது. தைத்தவர் வீட்டுக்குக் கீழே உள்பாவாடை தைக்கிற ஒருவர். கையுறை, புதுக் காலுறையை வெட்டிச் செய்தது. இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தத் தையல்காரரின் பெயரைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

ரீச்சர், காணிப் பிரச்சினை, தண்ணீர்ப் பிரச்சினை என்று எவ்வளவோ கிடக்க, பெண் பிள்ளைகளை மாட்டுச் சந்தையில் போல நிறுத்திப் புள்ளி போடுகிற கூத்தை எங்கட வாசகருக்கு ஏன் எழுதுகிறீர்கள்?
— ஓய்வுபெற்ற அதிபர், மாங்குளம்

ஐயா, உங்கட கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 1970இல் லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் நடந்த உலக அழகிப் போட்டியில் இதே கோபத்தோடு ஒரு கூட்டம் பெண்கள் சபைக்குள் இருந்து எழும்பினார்கள். மேடையில் பகிடி விட்டுக்கொண்டிருந்த பொப் ஹோப்புக்கு மாப் பைகள் பறந்தன. மனிதர் மேடையை விட்டு ஓடினார்.

ஆனால் அதே இரவில் மேடையில் நடந்ததையும் பாருங்கோ. தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியில் இருந்த காலம். எதிர்ப்புக்குப் பயந்து அந்த முறை இரண்டு பேர் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளை ஜிலியன் ஜெசப்புக்கு நாட்டின் பெயர் எழுதிய பட்டி. பேர்ள் ஜான்சன் என்ற வெள்ளையரல்லாத பிள்ளைக்கு அதே பெயரைத் தலைகீழாக்கி, 'ஆபிரிக்கா சவுத்' என்று ஒரு பட்டி. முடிவில் கிரனடாவின் ஜெனிபர் ஹோஸ்டன் வென்றார், உலக அழகியான முதலாவது கறுப்பினப் பெண். பேர்ள் ஜான்சன் இரண்டாமிடம். நாட்டின் பெயரைச் சுமந்த ஜெசப் ஐந்தாமிடம். கிரனடாவின் பிரதமர் நடுவர் குழுவில் இருந்தாராம் என்று பெரிய சர்ச்சையும் கிளம்பியது. அது நியாயமான கேள்விதான். ஆனால் பேர்ளின் இரண்டாமிடத்துக்கு அவரும் பொறுப்பென்று ஒருவரும் சொல்லவில்லை.

சொந்த நாட்டில் வெள்ளையர் இருக்கிற வாங்கில் இருக்க முடியாத பிள்ளை ஐயா. மாப் பை எறிந்தவையும் சரி, மேடையில் நின்ற பேர்ளும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. காணிப் பிரச்சினையை அடுத்த இதழில் எழுதுகிறேன், நீங்களும் விபரம் அனுப்புங்கோ.

என் பேத்தி தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவள். திரும்பி வந்து பள்ளிக்கூடம் போனால் "நீ இந்தியாக்காரி" என்று பகிடி. உங்கட அழகுராணிகளில் இப்படி யாராவது உண்டா?
— ஒரு அம்மம்மா, செட்டிகுளம்

இருக்கிறா அம்மா. சிடிம்மா அடெட்ஷினா. தென்னாபிரிக்காவில் சொவெட்டோவில் பிறந்தவர், தகப்பன் நைஜீரியர். 2024இல் தென்னாபிரிக்க அழகுராணிப் போட்டியில் நின்றபோது, நீ எங்கட ஆள் இல்லை என்று இணையத்தில் படாத பாடு படுத்தினார்கள். தாயின் ஆவணங்களைப் பற்றி விசாரணையும் வந்தது. போட்டியை விட்டு விலகினார். நைஜீரியா வா என்று கூப்பிட்டது. போனார், அங்கே வென்றார், அதே நவம்பரில் மெக்சிக்கோவில் பிரபஞ்ச அழகிப் போட்டியில் இரண்டாமிடம். பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ. பகிடி பண்ணுகிற பிள்ளையளின் வகுப்பாசிரியரையும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. கதை மட்டும் காணாது.

எங்கட கழகத்தின் வலைப்பந்துச் சுற்றுப்போட்டியில் அறிவிப்பாளர் இரண்டாமிடம் வந்த அணியைச் சம்பியன் என்று வாசித்துவிட்டார். அடிதடி வரை போனது. உலக மேடையிலும் இப்படி நடந்ததாமே?
— கழகச் செயலாளர், ஒட்டுசுட்டான்

ஓம் தம்பி, 2015 டிசெம்பரில் லாஸ் வேகாஸில். அறிவிப்பாளர் ஸ்டீவ் ஹார்வி கொலம்பியாவின் ஆரியட்னா குட்டியேரஸை பிரபஞ்ச அழகி என்று அறிவித்தார். முந்தின வருசம் வென்றவரும் கொலம்பியாதான், அவரே முடி சூட்டினார். சில நிமிசத்தில் ஹார்வி திரும்பி வந்து, பிழை என்னுடையது, வென்றது பிலிப்பைன்ஸின் பியா வூர்ட்ஸ்பாக் என்றார். சூட்டின கையாலேயே கழற்ற வேண்டி வந்தது. ஹார்வி கையில் இருந்த அட்டையை அவரே கமராவுக்குக் காட்டினார். ரன்னர் அப் இருவரின் பெயரும் இடப்பக்கம், வென்றவரின் பெயர் வலப்பக்கம் கீழே ஒரு மூலையில். அவசரத்தில் கண் அங்கே போகாது.

அடுத்த முறை மூன்று இடத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்காதேயுங்கோ. ஒரு இடத்துக்கு ஒரு துண்டு, மூன்றாமிடத்துத் துண்டு மேலே, சம்பியன் அடியில். புள்ளி பதிந்தவர் அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் நிற்கட்டும். கோப்பையை யாரும் தூக்குவதற்கு முதல் இரண்டு தலைவிமாரையும் கூப்பிட்டுப் புள்ளித்தாளில் கையெழுத்து வாங்குங்கோ. அறிவிப்பாளர் உங்கட மச்சானாக இருந்தாலும் சரி, துண்டைக் கையில் கொடுக்கிற வரைக்கும் முடிவைச் சொல்ல வேண்டாம்.